உள்ளங்கையில் உட்காரும் மவுஸ்

"கேமிங் மவுஸ் வாங்கணும், எது நல்லா இருக்கும்?" என்று யாராவது கேட்டால் நான் முதலில் பட்ஜெட்டைக் கேட்பதில்லை. "கையைக் காட்டுங்க, பார்ப்போம்" என்பேன். கேட்டவர் கொஞ்சம் விழிப்பார். டிபிஐ எவ்வளவு, எத்தனை ஹெர்ட்ஸ், எத்தனை வண்ணத்தில் விளக்கு எரியும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடமாக இருக்கும். தன் கை மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை எத்தனை சென்டிமீட்டர் என்பது மட்டும் தெரிந்திருக்காது. டீ வரட்டும், வீட்டில் ஸ்கேல் இருந்தால் அதையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தினமும் மூன்று நான்கு மணி நேரம் கையோடு ஒட்டிக்கொண்டே இருக்கப்போகிற பொருள் இது. அவசரமில்லாமல் பேசலாம்.

முதலில் அந்த எண்களை ஓரமாக எடுத்து வைத்துவிடுவோம். மவுஸின் அடியில் சின்னக் கேமரா ஒன்று இருக்கிறது. மேசைப் பரப்பை நொடிக்குப் பல ஆயிரம் முறை படம் பிடித்து, ஒவ்வொரு படத்தையும் முந்தினதோடு ஒப்பிட்டு, எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்று அது கணக்கிடுகிறது. ஒரு அங்குலம் நகர்த்தினால் எத்தனை படிகளாக எண்ணிச் சொல்கிறது என்பதுதான் டிபிஐ. தைவானின் பிக்ஸ்ஆர்ட் நிறுவனம் 3360 என்ற சென்சாரைக் கொண்டுவந்த பிறகு, அதாவது 2016 வாக்கிலேயே, இந்தப் பக்கத்துச் சிக்கல் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. இன்று பெட்டியில் 30,000 டிபிஐ என்று போடுகிறார்கள். 1920 புள்ளி அகலமுள்ள திரையில் அந்த அளவை வைத்து ஒரே ஒரு அங்குலம் நகர்த்தினால் சுட்டி திரையைப் பதினைந்து தடவை தாண்டிவிடும். போட்டிகளில் ஆடுகிறவர்கள் 400, 800, மிஞ்சினால் 1600 என்றுதான் வைத்துக்கொள்கிறார்கள். போலிங் ரேட்டும் அப்படித்தான். 1000 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு மில்லி நொடிக்கு ஒரு முறை மவுஸ் கணினியிடம் தன் இடத்தைச் சொல்கிறது. பெரும்பாலோருக்கு அது தாராளம். பெயர் தெரிந்த நிறுவனத்தின் எந்த கேமிங் மவுஸை எடுத்தாலும் இந்த இரண்டும் தேவைக்கு மேலேயே கிடைத்துவிடும். நாம் உட்கார்ந்து பார்க்க வேண்டியது வடிவம், எடை, பட்டன், தொடுபரப்பு ஆகியவற்றை. அவற்றில் வடிவம்தான் முதலும் பெரியதும்.

இப்போது ஸ்கேலை எடுங்கள். வலது கையை மேசைமேல் தட்டையாக விரித்து, மணிக்கட்டில் விழும் கோட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை அளந்து பாருங்கள். அடுத்து, கட்டைவிரலை விட்டுவிட்டு, நான்கு விரல்களும் உள்ளங்கையில் சேருகிற முட்டிகளின் குறுக்கே அகலத்தை அளந்துகொள்ளுங்கள். விளையாடுகிறவர்களிடையே ஒரு கைக்கணக்கு புழங்குகிறது: கை நீளத்தில் அறுபது சதவீதம் மவுஸின் நீளம், கை அகலத்தில் அறுபது சதவீதம், மவுஸை விரல்கள் பிடிக்கிற இடத்தின் அகலம். 19 செ.மீ. கைக்கு 11.4 செ.மீ. மவுஸ் வரும். 17 செ.மீ. கைக்கு 10.2 தான் வரும். கடையில் கிடைப்பவற்றை இதோடு வைத்துப் பாருங்கள். இங்கே பலருக்கும் முதல் கேமிங் மவுஸாக அமைகிற லாஜிடெக் ஜி102-இன் நீளம் 116.6 மி.மீ. ரேஸர் டெத்ஆடர் எசென்ஷியல் 127 மி.மீ. லாஜிடெக் ஜி ப்ரோ எக்ஸ் சூப்பர்லைட் 125 மி.மீ. சின்னக் கை உள்ளவர்களுக்கு இந்தச் சந்தை எவ்வளவு குறைவாக யோசித்திருக்கிறது என்பது இந்த மூன்று எண்களிலேயே தெரியும்.

அறுபது சதவீதக் கணக்கு வாசல் வரைக்கும்தான் கூட்டிப்போகும். உள்ளே போனால் பிடிக்கிற விதம் என்று ஒன்று இருக்கிறது. முழு உள்ளங்கையும் மவுஸின் முதுகில் படிய, விரல்களை நீட்டி வைத்துப் பிடிப்பது பாம் கிரிப். உள்ளங்கையின் அடிப்பகுதி மட்டும் மவுஸின் பின்புறத்தில் பட, விரல்களை மடக்கி நுனியால் பட்டனைத் தட்டுவது க்ளா கிரிப். உள்ளங்கை படவே படாமல் விரல் நுனிகளால் மட்டும் பிடிப்பது ஃபிங்கர்டிப். படிக்கும்போது மூன்று பெட்டி போலத் தெரிந்தாலும் கைகள் அப்படிப் பிரிந்து நிற்பதில்லை. பலரும் ஆட்டத்தின் சூட்டில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாங்களே அறியாமல் மாறுவார்கள். உங்கள் பிடி எது என்று தெரிய ஒரு வழி சொல்கிறேன். நாற்காலியில் வழக்கம்போல உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, கையைத் தூக்கி மவுஸ்மேல் தளர்வாக விடுங்கள். விரல்களை நீங்களாகச் சரிசெய்யாதீர்கள். கண்ணைத் திறந்து பார்க்கும்போது கை எப்படி விழுந்திருக்கிறதோ அதுதான் உங்கள் பிடி.

உள்ளங்கை முழுவதும் படிகிறவருக்கு அறுபது சதவீதத்தைவிடக் கொஞ்சம் நீளமான மவுஸ் வேண்டும். நுனிவிரல்காரருக்கு அதைவிடக் குட்டையாக இருந்தால் நல்லது. விரல்களை மடக்கி மவுஸைத் தன் பக்கம் இழுக்க, உள்ளங்கைக்கும் மவுஸுக்கும் நடுவே காலி இடம் அவருக்குத் தேவை. நீளம் சரியாக அமைந்தும் கை ஏன் வலிக்கிறது என்று குழம்புகிறவர்கள் முதுகின் மேட்டைப் பார்க்க வேண்டும். மவுஸின் மிக உயரமான இடம் நடுவில் இருக்கிறதா, பின்னால் தள்ளி இருக்கிறதா? பின்னால் இருந்தால் உள்ளங்கைக் குழியை அது நிரப்பி முட்டுக்கொடுக்கும்; மடக்கிப் பிடிக்கிறவர்களுக்கு அது பிடிமானம். நடுவில் இருந்தால் விரல்களின் அடி மேட்டைத் தாங்கும். கையைப் படிய வைக்கிறவர்களுக்கு அது சுகம். சூப்பர்லைட்டின் உயரம் 40 மி.மீ., டெத்ஆடர் வி3-இன் உயரம் 44 மி.மீ. நாலே மில்லிமீட்டர்தான். ஆனால் இரண்டின்மேலும் மாறி மாறிக் கை வைத்துப் பாருங்கள்: ஒன்றில் மேசைமேலேயே கை வைத்தது போலவும், இன்னொன்றில் ஏதோ ஒன்றைப் பற்றிக்கொண்டது போலவும் இருக்கும்.

டெத்ஆடரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அந்த வடிவத்துக்கு ஒரு பரம்பரை உண்டு. மைக்ரோசாஃப்ட் 1999-இல் இன்டெலிமவுஸ் எக்ஸ்ப்ளோரர் என்ற ஆப்டிகல் மவுஸை வெளியிட்டது. அதன் தொடர்ச்சியாக வந்த எக்ஸ்ப்ளோரர் 3.0 அலுவலக வேலைக்காகச் செய்யப்பட்டதுதான். கவுன்டர் ஸ்ட்ரைக் என்ற சுடும் ஆட்டத்தை ஆடுகிறவர்கள் அதைக் கையில் எடுத்தபின் விடவில்லை. இடது பக்கம் உயர்ந்து வலது பக்கம் சரியும் முதுகு, கட்டைவிரல் போய் ஒடுங்குவதற்கு ஒரு குழி, மோதிரவிரலும் சுண்டுவிரலும் தொங்காமல் சாய்ந்துகொள்ள வலப்பக்கத்தில் ஒரு சரிவு. ஸ்வீடன் நாட்டு கவுன்டர் ஸ்ட்ரைக் வீரர் எமில் கிறிஸ்டென்சனோடு சேர்ந்து ஸோவி நிறுவனம் உருவாக்கிய ஈசி வரிசை மவுஸ்கள் அந்த வடிவத்தின் வாரிசுகள். ஈசி என்பது அவருடைய பெயரின் முதலெழுத்துகள். 2006-இல் வந்த டெத்ஆடரும் அதே குடும்பத்து முகஜாடை கொண்டது. மைக்ரோசாஃப்டே அந்தப் பழைய வடிவத்தை 2017-இல் மறுபடி விற்பனைக்குக் கொண்டுவந்தது. சென்சார், ஸ்விட்ச், வயர் என்று உள்ளே இருந்த எல்லாமே மாறிவிட்டன. வெளி வளைவு இன்னும் நிற்கிறது.

ஏன் நிற்கிறது? உங்கள் முன்னங்கையைப் பாருங்கள். எதையும் பிடிக்காமல் கையைத் தளரவிட்டால், கட்டைவிரல் முன்னால் பார்க்க, உள்ளங்கை உடம்பைப் பார்த்துத்தான் தொங்கும். தட்டையான மவுஸைப் பிடிக்க அதைத் திருகி உள்ளங்கையை முழுக்கக் கீழ்நோக்க வைக்கிறோம். முன்னங்கையின் இரண்டு எலும்புகளும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே திரும்பித்தான் அது நடக்கிறது. மணிக்கணக்கில் அப்படியே வைத்திருப்பது ஒரு வேலை. சரிந்த முதுகுள்ள மவுஸ் அந்தத் திருகலில் சில டிகிரியைக் குறைத்துக் கொடுக்கிறது. ஆள்காட்டி விரல் உயரத்திலும் சுண்டுவிரல் தாழ்விலும் இருக்கும். அலுவலக வேலைக்கென்று வரும் செங்குத்து மவுஸ் இதையே கடைசிவரை கொண்டுபோய், கைகுலுக்கும் நிலையில் நிறுத்திவிடுகிறது. வலிக்கு அது நல்லது. ஆனால் அதில் பட்டனைப் பக்கவாட்டில் அழுத்துவதால் ஒவ்வொரு கிளிக்கிலும் மவுஸ் கொஞ்சம் தள்ளப்படும். குறிபார்த்துச் சுடும் ஆட்டத்துக்கு ஒத்துவராது. கேமிங் மவுஸின் வடிவமைப்பாளர் கையின் சுகத்துக்கும் குறியின் நிதானத்துக்கும் நடுவே பேரம் பேசித்தான் அந்தச் சரிவை முடிவு செய்கிறார். டெத்ஆடரின் சரிவு அந்தப் பேரத்தை நன்றாக முடித்த ஒன்று என்பது என் தீர்மானமான கருத்து. வி3 பதிப்பில் முன்பக்கம் விரிந்திருந்த பட்டன் ஓரங்களை எடுத்துவிட்டு உடலை எளிமையாக்கினார்கள். பழையதற்குப் பழகிய சிலருக்கு அதில் வருத்தம் உண்டு. வேறு வேறு பிடிக்காரர்களுக்கும் பொருந்தும்படி அது மாறியிருக்கிறது என்பதால் எனக்கு அது சரியாகவே படுகிறது.

சமச்சீர் மவுஸ் என்றால் மட்டம் என்று இதற்குப் பொருளில்லை. ஜி102-உம் சூப்பர்லைட்டும் இருபுறமும் ஒரே மாதிரி இருப்பவை. விரல்களால் பிடித்து மேலும் கீழுமாக நுணுக்கமாக நகர்த்துகிறவர்களுக்கு அந்த வடிவம் கொடுக்கிற சுதந்திரத்தைச் சரிந்த மவுஸ் கொடுக்காது. அதில் பார்க்க வேண்டியது வலப்பக்கம். அக்கா மகன் ஒருவன் ஒரு நாள், "மாமா, சுண்டுவிரல் பக்கம் எரியுது, பாருங்க" என்று கையைக் காட்டினான். நகத்துக்குக் கீழே, பக்கவாட்டில், தோல் சிவந்து தடித்திருந்தது. குறுகலான மவுஸில் சுண்டுவிரலுக்கு இடம் கிடைக்காமல் மேசையில் விழுந்து, துணி மவுஸ்பேடில் நாளெல்லாம் தேய்ந்திருக்கிறது. வியர்வை சேர்ந்தால் எரியாமல் என்ன செய்யும்? கை அகலமாக இருப்பவர்களுக்கு இது அடிக்கடி வரும். அவனுக்கு மாற்றிக் கொடுத்த மவுஸ் விலையில் உயர்ந்ததில்லை, நாலைந்து மில்லிமீட்டர் அகலமானது. தடிப்பு தானாக ஆறிவிட்டது.

அடுத்தது எடை. 2014-இல் லாஜிடெக் ஜி502 வந்தபோது பெட்டிக்குள்ளேயே 3.6 கிராம் வீதம் ஐந்து எடைக்கட்டிகள் வைத்துக் கொடுத்தார்கள், வேண்டுமானால் கனத்தைக் கூட்டிக்கொள்ளலாம் என்று. அந்த வரிசையின் ஜி502 ஹீரோ கட்டிகள் இல்லாமலே 121 கிராம். கனம் இருந்தால் தரம் என்று அப்போது நம்பினோம். 2019-இல் குளோரியஸ் நிறுவனத்தின் மாடல் ஓ உடலெங்கும் தேன்கூட்டுத் துளைகளோடு 67 கிராமில் வந்தது. 2020-இல் சூப்பர்லைட் துளையே இல்லாமல் 63 கிராமுக்குள் வந்தது, அதுவும் பேட்டரியோடு. வயர் உள்ள டெத்ஆடர் வி3 59 கிராம். ஆறேழு வருடத்தில் எடை பாதியானது.

இது வெறும் மோஸ்தரா? கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். கவுன்டர் ஸ்ட்ரைக்கில் சென்சிடிவிட்டியை 1 என்று வைத்தால், மவுஸ் சொல்லும் ஒவ்வொரு படிக்கும் ஆட்டக்காரரின் பார்வை 0.022 டிகிரி திரும்பும். முழுசாக 360 டிகிரி திரும்ப 16,364 படிகள் வேண்டும். 800 டிபிஐ என்றால் அது இருபதரை அங்குலம், அதாவது 52 செ.மீ. நன்றாக ஆடுகிற பலரும் இந்த அளவை ஒட்டித்தான் வைத்திருக்கிறார்கள். பெரிய மவுஸ்பேட் என்று விற்பதன் அகலமே 45 செ.மீ.தான். முதுகுக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்ப 26 செ.மீ. இழுக்க வேண்டும். பேடின் ஓரம் வந்துவிட்டால் மவுஸைத் தூக்கி நடுவில் வைத்து மறுபடி இழுக்க வேண்டும். ஒரு ஆட்டத்தில் இது நூற்றுக்கணக்கான தடவை நடக்கிறது. ஒவ்வொரு தூக்கலுக்கும் கட்டைவிரலும் மோதிரவிரலும் இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். 121 கிராமைத் தூக்குவதற்கும் 60 கிராமைத் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம் முதல் அரை மணியில் தெரியாது. மூன்றாவது மணியில் கட்டைவிரலின் அடிச்சதை சொல்லிவிடும்.

எடை குறைவாக இருந்தால் மட்டும் போதாது, எங்கே இருக்கிறது என்பதும் பார்க்க வேண்டும். கிரிக்கெட் மட்டை வாங்குகிறவர்கள் தராசைப் பார்த்து முடிவு செய்ய மாட்டார்கள், பிடித்துத் தூக்கிப் 'பிக்-அப்' பார்ப்பார்கள். அதே எடையில் ஒன்று லேசாகவும் இன்னொன்று பாரமாகவும் தெரியும். மவுஸிலும் அப்படித்தான். லாஜிடெக் ஜி305 பேட்டரியோடு 99 கிராம். அதில் போடுகிற ஏஏ பேட்டரி பின்பக்கம் உட்காருவதால் தூக்கும்போது வால் தாழும். அதையே லித்தியம் ஏஏ போட்டோ, அடாப்டர் வைத்து ஏஏஏ போட்டோ பாருங்கள், குறையும் எடை ஏறக்குறைய பத்து கிராம்தான், ஆனால் மவுஸ் வேறு மவுஸாகிவிடும். சோதிப்பது சுலபம்: கட்டைவிரலும் மோதிரவிரலும் வழக்கமாகப் பிடிக்கிற இடத்தில் பிடித்து நேராகத் தூக்குங்கள். முன்னால் குனிகிறதா, பின்னால் சாய்கிறதா, மட்டமாக நிற்கிறதா? மட்டமாக நிற்பதுதான் கைக்கு வேலை வைக்காதது.

இதற்காக எல்லோரும் ஐம்பது கிராம் மவுஸைத் தேடி ஓட வேண்டியதில்லை. டோட்டா, லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் ஆடுகிறவர்கள் மவுஸைத் தூக்குவது குறைவு, கிளிக் செய்வதுதான் அதிகம். அவர்களுக்கு எண்பது தொண்ணூறு கிராம் சங்கடம் இல்லை; பட்டன்தான் முக்கியம்.

பட்டனைச் சோதிக்கும்போது எல்லோரும் ஒரே இடத்தில் அழுத்திப் பார்த்துவிட்டு "கிளிக் நல்லா இருக்கு" என்கிறார்கள். முன் ஓரத்தில் அழுத்துங்கள், நடுவில் அழுத்துங்கள், பின்னால் தள்ளி அழுத்துங்கள். மூன்று இடத்திலும் ஏறக்குறைய ஒரே அழுத்தம் வேண்டும். கை சின்னதாக இருந்தால் விரல் நுனி பட்டனின் பின்பாதியில்தான் விழும். அங்கே அது கல் மாதிரி இருந்தால் விரல் மூட்டு நோகும். பட்டனைப் பக்கவாட்டில் லேசாக அசைத்துப் பாருங்கள், லொடலொட என்று ஆடக்கூடாது. கட்டைவிரல் பக்கத்துப் பட்டன்களைப் பொறுத்தவரை, கட்டைவிரல் ஓய்வாக இருக்கும்போது அவற்றின் கீழ் விளிம்பு விரலின் மேல்பக்கத்தை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். நேராக அவற்றின்மேலேயே விரல் கிடந்தால் இறுக்கிப் பிடிக்கும் நேரத்தில் தானாக அழுந்தும். எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால் பிடி தளரும். உருளையை உருட்டும்போது ஒவ்வொரு படியும் விரலுக்குத் தனித்தனியாகத் தெரிய வேண்டும், அதை அழுத்தும்போது தவறி உருளக்கூடாது. ஸ்விட்ச் எத்தனை கோடி கிளிக் தாங்கும் என்று போட்டிருப்பதை வைத்து அதிகம் சொல்வதற்கில்லை. ஒரு தடவை அழுத்தினால் இரண்டாகப் பதிகிற வியாதி உலோகத் தொடுமுனைகள் தேய்ந்தும் கறுத்தும் வருவது. ஒளிக்கற்றையை மறித்து வேலை செய்யும் ஆப்டிகல் ஸ்விட்சில் அந்தத் தொடுமுனையே இல்லை. ஈரக்காற்று வீசும் கடலோர ஊர்க்காரர்கள் அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஈரம் என்றதும் தொடுபரப்பு ஞாபகம் வருகிறது. நம் ஊர் வாங்குபவர் தனியாக யோசிக்க வேண்டிய விஷயம் இது. கடையில் தொட்டால் வெல்வெட் போல இருக்கும் ரப்பர் பூச்சு சில மவுஸ்களில் உண்டு. குளிர்நாட்டில் அது பிழைத்துக்கொள்ளும். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரியான ஊர்களில் வியர்வையும் காற்றின் ஈரமும் அந்தப் பூச்சை மெல்ல மெல்லச் சிதைக்கும். சில வருடங்களில் பிசுபிசுவென்று கையில் ஒட்ட ஆரம்பித்துவிடும். துடைத்தாலும் போகாது. பூச்சு இல்லாத, லேசான சொரசொரப்புள்ள வெறும் பிளாஸ்டிக்தான் நமக்கு நீடித்து உழைக்கும். உள்ளங்கை அதிகம் வியர்க்கிறவர்கள் பளபளப்பான பரப்பைத் தவிர்க்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் கை வறண்டவர்களுக்கு மேட் பரப்பு வழுக்கும், பளபளப்பு பிடிக்கும். உங்கள் கை எந்த ரகம் என்பது உங்களுக்குத்தான் தெரியும். சந்தேகம் இருந்தால் கிரிப் டேப் வாங்கி இருபுறமும் ஒட்டிக்கொள்ளலாம், விலை அதிகமில்லை. துளை போட்ட உடலில் வியர்வையும் தூசியும் நேராக உள்ளே இறங்கும். துளை இல்லாமலே அறுபது கிராம் கிடைக்கிற இன்றைக்கு, நம் வீடுகளுக்கு அது வேண்டாம் என்றே சொல்வேன். அடியில் ஒட்டியிருக்கும் வழுக்குப் பட்டைகளையும் திருப்பிப் பாருங்கள். டெஃப்லான் வகையாகவும் விளிம்பு மழுங்கியதாகவும் இருக்க வேண்டும். புதிதில் லேசாகக் கீறுவது போல இருந்தால் கொஞ்ச நாளில் படிந்துவிடும்.

இவ்வளவும் சரியாக அமைந்த மவுஸையும் கெடுக்கக்கூடியது மேசை. நம் வீடுகளில் கணினி மேசை என்றால் கீபோர்டுக்கு ஒரு இழுவைத் தட்டு இருக்கும். கீபோர்டு அதில் உட்கார்ந்துவிட்டால் மவுஸுக்கு ஒரு சாண் இடம்தான் மிச்சம். அல்லது மவுஸ் மேலே, கீபோர்டு கீழே. மணிக்கட்டு மேல்நோக்கி மடிந்தபடியும், சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்தபடியும் அங்கே மாட்டிக்கொள்கிறது. மணிக்கட்டின் குறுகலான பாதை வழியாக ஓடும் நரம்பு கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிரவிரலின் பாதி ஆகியவற்றுக்கு உணர்ச்சி கொடுப்பது. அங்கே மரத்துப்போனால் மணிக்கட்டைப் பாருங்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலின் மறுபாதியும் மரத்தால் அது வேறு நரம்பு. முழங்கையையோ உள்ளங்கையின் அடியையோ மேசை விளிம்பில் அழுத்தி வைக்கிறீர்களா என்று கவனியுங்கள். இரவில் தூக்கத்தை எழுப்புகிற மரப்பு என்றால் மவுஸை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், டாக்டரைப் பாருங்கள். முழங்கை ஏறக்குறைய செங்கோணத்தில் இருக்க, முன்னங்கை மேசையில் படிந்து, மணிக்கட்டு நேராக இருக்கும்படி நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்துவிட்டு அப்புறம் மவுஸை மதிப்பிடுங்கள்.

இடதுகைக்காரர்களை நினைத்தால் எனக்கு உண்மையாகவே வருத்தம். 2018-இல் வந்த ஜி ப்ரோ வயர்லெஸ்ஸில் இரண்டு பக்கமும் பட்டன் மாட்டிக்கொள்ளலாம். இடதுகைக்காரர் வலப்பக்கத்தில் மாட்டிக்கொண்டு, வலதுகைக்காரரைப் போலவே விளையாடலாம். இரண்டு வருடம் கழித்து சூப்பர்லைட் வந்தபோது எடையைக் குறைக்கிற வேகத்தில் வலப்பக்கப் பட்டன்கள் போய்விட்டன. சில கிராமுக்காக ஒரு கூட்டத்தையே வெளியே நிறுத்தியது சரியில்லை. சின்னக் கைகளின் கதையும் இதுதான். 2020-இல் 62 கிராமில் டெத்ஆடர் வி2 மினி வந்தபோது, வீட்டுப் பெண்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஏற்ற அளவில் அந்த நல்ல வடிவம் கிடைத்ததே என்று மகிழ்ந்தேன். அப்படிப்பட்டவை இன்னும் நிறைய வர வேண்டும்.

கடையில் இவ்வளவும் சோதிக்க விடுவார்களா என்று கேட்பீர்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் போய்க் கேட்டால், "பாக்ஸ் ஓப்பன் பண்ண முடியாது சார், சீல் போயிடும்" என்பார்கள். அவர்கள்மேல் தப்பில்லை, பிரித்த பெட்டியை அடுத்தவர் வாங்க மாட்டார். அதனால் நண்பர்கள் வீட்டு மவுஸ்களையும் கேமிங் கஃபேயில் கிடைப்பவற்றையும் முதலில் பிடித்துப் பாருங்கள். பிடித்த ஒன்றின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் குறித்துக்கொண்டு, அதே அளவை ஒட்டியதைத் தேடுங்கள். ஆன்லைனில் வாங்கினால் திருப்பி அனுப்பும் காலக்கெடுவும் நிபந்தனையும் என்ன என்று பணம் கட்டுவதற்கு முன்பே படித்துவிடுங்கள். வந்ததும் பெட்டியைக் கிழிக்காமல் பிரித்து, ஒரே மூச்சில் இரண்டு மணி நேரமாவது விளையாடுங்கள். புது மவுஸில் முதல் சில நாட்கள் குறி தவறத்தான் செய்யும், ஸ்கோரை வைத்து முடிவு செய்யாதீர்கள். விளையாடி முடித்ததும் வெளிச்சத்தில் கையைத் திருப்பிப் பாருங்கள்: கட்டைவிரலின் உள்பக்கம், உள்ளங்கையின் அடிமேடு, சுண்டுவிரலின் ஓரம். எங்கே சிவந்திருக்கிறது, எங்கே பள்ளம் விழுந்திருக்கிறது? அடுத்த நாளும் அதே இடம் சிவந்தால் அந்த மவுஸ் உங்களுக்கு இல்லை.

குறைந்த செலவில் எதை வாங்கலாம் என்று கேட்டால் என் பதில் இதுதான். கை 18 செ.மீ.க்கு மேல் இருந்து, உள்ளங்கையைப் படிய வைத்துப் பிடிக்கிறவராக இருந்தால் டெத்ஆடர் எசென்ஷியல். கை அதைவிடச் சின்னதாகவோ, விரல்களை மடக்கிப் பிடிக்கிறவராகவோ இருந்தால் ஜி102. இரண்டுமே வயர் உள்ளவை, இரண்டின் சென்சாரும் தேவைக்கு மேல் நல்லவை, 96 கிராம், 85 கிராம் என்று கொஞ்சம் கனமானவை. பிள்ளைக்கு வாங்குவதாக இருந்தால் பெட்டியை எடுப்பதற்கு முன் பிள்ளையின் கையை அளந்துவிடுங்கள். திருப்பிக் கொடுக்கும் நாள் முடியும்வரை பில்லும் பெட்டியும் பத்திரமாக இருக்கட்டும்.